எட்டுப் பேரில் நாலு பேர் எங்கே?

ஓய்வெடுத்த பிறகு பழைய வேலையிடத்துப் பக்கம் போகக் கூடாது என்பது என் கணவரின் கட்சி. அவர் பேச்சைக் கேட்டு நடந்த பழக்கம் எனக்கு இல்லை. போன மாதம் பல் வைத்தியரிடம் போய்விட்டுத் திரும்பும் வழியில், வீங்கிய கன்னத்தோடு, நாணயக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருந்த காசுகள் எல்லாம் தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் மூச்சடைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் தரம் எழுதிய ஒரு சீட்டு.

"இனி யாரும் தொட முடியாது, றெஜினா. பெரிய நிம்மதி" என்றாள் மொய்ரா. கடையை இப்போது நடத்துபவள் அவள்தான். என் முதலாளி மக்கேயின் மகள்.

"உன் அப்பா இருந்திருந்தால் உறையை உடைத்துப் பார்த்திருப்பார்" என்றேன். அவள் சிரித்துவிட்டு, அப்பாவைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி கேட்டாள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தேன். நாலு வரிக்குள் மனுசன் மறுபடியும் செத்துப் பிணமாகிவிட்டார். ஆகவே தமிழில் எழுதுகிறேன். மொய்ராவுக்கு யாராவது வாசித்துச் சொல்லட்டும்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து நேரே கனடா வந்தவள் அல்ல. நடுவில் ஜேர்மனியில் சில வருடங்கள். அகதிகள் விடுதி, பிறகு ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை. வாய் திறக்காவிட்டால் பட்டினி என்ற நிலையில் அந்த மொழி தானாகவே நாக்கில் ஏறிக்கொண்டது. கல்யாணம் பேசி ரொறன்ரோவுக்கு வந்து, பார்க்டேலில் ஓர் அறையில் இருந்துகொண்டு வேலை தேடினேன். மக்கேயின் கடைக்குக் கூட்டித் துடைக்கவும் பார்சல் கட்டவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒருநாள் ஜேர்மனியிலிருந்து வந்த ஏலப் புத்தகம் ஒன்றைத் தூசி தட்டும்போது, சும்மா இருக்காமல் சத்தமாக வாசித்துவிட்டேன். மக்கே வந்து என் கையிலிருந்த தும்புத்தடியை மெல்ல வாங்கி மூலையில் சாத்தினார். அதற்குப் பிறகு அதை நான் தொடவே இல்லை. வீட்டில்கூடத் தான்தான் கூட்டுவதாக என் கணவர் எல்லோரிடமும் சொல்லித் திரிவதும் உண்மைதான்.

வேலை பழகிய காலத்தை நீட்டி முழக்க விருப்பமில்லை. தராசு பழகினேன், பூதக்கண்ணாடி பழகினேன், காசை விளிம்பில் பிடிக்கப் பழகினேன். ஐரோப்பாவின் வெள்ளிக்காசுகள் மெல்ல மெல்ல என் பொறுப்பில் வந்து சேர்ந்தன.

ஆனால் அந்தக் கடையின் முதலாவது சட்டத்தைச் சொல்லியே ஆகவேண்டும். காசைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. தருபவர் மேசையிலுள்ள பச்சைத் துணித் தட்டில் வைக்க வேண்டும். வாங்குபவர் தட்டிலிருந்து எடுக்க வேண்டும். நடுவில் தவறி விழுந்தால் யாருடைய கையிலிருந்து விழுந்தது என்ற சண்டை வரும், அதுதான் காரணம். வாடிக்கையாளர் யாராவது மறந்துபோய்க் கையை நீட்டினால் மக்கே தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு இது புதினமாகவே படவில்லை. எங்கள் வீட்டில் உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், சண்டை வரும் என்று. "உப்புக்கும் அப்படியா?" என்று மக்கே வியந்துபோய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உப்புப் போத்தலையும் தட்டில் வைத்துத்தான் எனக்குத் தள்ளுவார். பகிடிக்குத் தொடங்கியது, கடைசிவரை நிற்கவில்லை.

அவருடைய நடைமுறை ஒன்றும் மாறாது. காசைத் தொடுமுன் கையைக் கழுவுவார். இரண்டு துவாயால் துடைப்பார். கல்யாண மோதிரத்தைக் கழற்றி வெயிஸ்ட்கோட்டுப் பையில் போடுவார், மோதிரம் காசில் கீறிவிடும் என்ற பயத்தில். பிறகு உட்கார்ந்து, மற்றக் கடைக்காரர்கள் கேட்பதைப் போல "இது எங்கே கிடைத்தது?" என்று கேட்க மாட்டார். "இது எங்கே வாழ்ந்தது?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குச் சனங்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ஒரு போலந்துக்காரி, தன் தாயின் கோட்டு விளிம்புக்குள் தைத்தபடி இருந்தது என்றாள். ஓர் ஆள், நேற்றுவரை என் நாயின் வயிற்றுக்குள் என்றான். மக்கே அந்தக் காசை மரியாதையாகத் தட்டில் வைத்துவிட்டு மறுபடியும் கைகழுவப் போனார். நான் பின்னறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்.

கெட்ட செய்தி சொல்வதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு சொல்ல மாட்டார். தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து, அந்த ஆளுக்குப் பக்கத்தில் போட்டு உட்காருவார். அவர் கதிரையைத் தூக்கினாலே நான் போய்த் திசுப் பெட்டியை எடுத்து வைப்பேன்.

நான் ஓய்வெடுப்பதற்குக் கொஞ்சக் காலம் முந்தி, ஒரு சனிக்கிழமை, மூன்று தமிழ்ச் சனம் கடைக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவன் பகீரதன். நாற்பதைத் தாண்டியவன், யூனியன்வில்லில் வீடு, நல்ல கொம்பியூட்டர் வேலை. பின்னால் அவனுடைய தமையன் யோகநாதன். டோர்செட் பார்க்கில் அடுக்குமாடியில் இருப்பவர், பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பாண் அடுப்பு சுட்ட தழும்புகள் கையெல்லாம். அவருடைய மனைவி சிவமலர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தாள். அழுத கண்.

பகீரதன் பையிலிருந்து காசை எடுத்து மக்கேயிடம் நீட்டினான். மக்கே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் தட்டைக் காட்டினேன்.

துணியில் வந்து விழுந்ததைக் கண்டதும் நான் குனிந்து கிட்டப் பார்த்தேன். சாக்சன்-வைமார் என்று நாலு நூற்றாண்டுக்கு முன் ஜேர்மனியில் ஒரு டியூக்கின் குட்டி நாடு இருந்தது. டியூக் இளவயதில் இறந்துபோக, எட்டு ஆண் பிள்ளைகள் மிஞ்சினார்கள். ஒருவனைத் தள்ளி ஒருவனைத் தூக்கி வைக்காமல், எட்டுப் பேரின் முகத்தையும் ஒரே காசில் அடித்தார்கள். ஒரு பக்கம் மூத்த நால்வர், மறுபக்கம் இளைய நால்வர். தாலர் என்கிற அந்தப் பெரிய வெள்ளிக்காசு ஏலங்களில் இடைக்கிடை தலைகாட்டும். இது அதில் பாதி மதிப்புள்ள அரைத் தாலர். அதை அதுவரைக்கும் நான் படத்தில்தான் கண்டிருந்தேன்.

ஆனால் தட்டில் இருந்ததில் நாலு முகம் இருந்த இடத்தில் நாலு மேடுதான் இருந்தது. மூக்கும் இல்லை, தாடையும் இல்லை. மினுமினு என்று வெள்ளிக் கரண்டி மாதிரி மினுங்கியது.

"அன்ரி, நீங்கள் தமிழோ? அப்ப நல்லதாப் போச்சு" என்றான் பகீரதன். "இது எங்கடை அப்பா ஜேர்மனியிலையிருந்து கொண்டு வந்தது. அவர் ஒரு ரெஸ்ரோரண்டிலை குக்கா இருந்தவர். கனடாவுக்கு வெளிக்கிடேக்கை முதலாளி மனுசி, பிள்ளையளுக்கு எண்டு குடுத்தது. நான் சின்னனிலை இதிலை எட்டு முகம் எண்ணிப் படுத்தனான். எவ்ரி நைட். இந்தமுறை அப்பாவின்ரை திவசத்துக்குப் போய், என்ரை மகளுக்குக் காட்டுவம் எண்டு எடுத்தால் நாலு பேரைக் காணேல்லை. எட்டுப் பேரிலை நாலு பேர் எங்கை?"

"எங்கை போறது? உதுக்குள்ளைதான் இருக்கினம்" என்றாள் சிவமலர் தலை நிமிராமல்.

"அண்ணி, இன்ரநெற்றிலை கொப்பி விக்கிறாங்கள். நான் பார்த்தனான். அச்சாக இப்பிடித்தான் மொழுமொழு எண்டு இருக்கும். உண்மையான கொயின் உங்கடை வீட்டிலை இருந்துதானே காணாமல் போனது? நான் வேறை என்ன நினைக்கிறது?"

யோகநாதன் இப்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார், தம்பியைப் பார்க்கவில்லை. "அக்கா, இது பொய்க்காசு எண்டால் பொய்க்காசு எண்டு சொல்லுங்கோ. உண்மை எண்டால் உண்மை எண்டு சொல்லுங்கோ. ஆனால் ஒண்டு. என்ரை மனுசியைக் கள்ளி எண்டு சொன்னவன் இனி என்ரை வாசல்படி மிதிக்கக் கூடாது. அதுக்குத்தான் வந்தனாங்கள்."

நான் மக்கேக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுந்து கைகழுவப் போனார்.

வந்து தராசில் வைத்தார். புத்தகம் சொல்லும் நிறையைவிடக் குறைந்தது. அவருடைய புருவம் ஏறியதைக் கண்டேன். பகீரதனும் கண்டுவிட்டான். "சீ, சீ" என்று யாருக்குச் சொன்னானோ தெரியாது. சிவமலரின் விரல்கள் கைப்பையின் பட்டியை முறுக்கின. நிறை குறைந்து முகம் மழுங்கிய காசு என்றால் வார்ப்பில் ஊற்றிய கள்ளக்காசாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. மாதாவே, இந்தப் பெண்ணைக் கைவிட்டுவிடாதே என்று மனதுக்குள் சொன்னேன். நியாயம் பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்தது பிழைதான். சாய்ந்தேன், அவ்வளவுதான்.

மக்கே அவசரப்படவில்லை. விளிம்பைப் பார்த்தார். முழு வட்டத்தையும் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். வார்ப்புக் காசென்றால் எங்காவது ஒட்டுப்போட்ட கோடு தெரியும், இல்லாவிட்டால் அதை அராவி மறைத்த அடையாளம் தெரியும். ஒன்றும் இல்லை. மழுங்கிய பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் தட்டைத் தள்ளினார். கள்ள வார்ப்பில் ஊசி குத்தியது போன்ற பொடிக்குழிகள் இருக்கும். இதில் குழி இல்லை. மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள், எல்லாம் வட்டமாகச் சுற்றிச் சுற்றி, ஒரு பெருவிரல் போன வழி.

காசைத் திருப்பினார். அந்தப் பக்கம் நாலு இளையவர்களும் நேற்றுத்தான் அச்சிலிருந்து இறங்கியவர்கள் போல நின்றார்கள். சுருட்டை மயிர், கழுத்துப் பட்டியின் மடிப்பு, சின்னவனின் குண்டுக் கன்னம் எல்லாம் தெளிவு. எழுத்துகளின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மக்கே மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்த்தார்.

"கள்ளக்காசு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பொய் சொல்லும், றெஜினா" என்றார். "இது ஒரு பக்கம் மட்டும் மறந்துபோயிருக்கிறது. கேள், இது எங்கே வாழ்ந்தது?"

நான் சிவமலரிடம் கேட்டேன். அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"சாமி அறையிலை. மாமாவின்ரை படத்துக்கு முன்னாலை, வெள்ளித் தட்டத்திலை. மாமா சாகிறதுக்கு முந்தித் தன்ரை கையாலை சந்தனம் குழைச்சு அதிலை பதிச்சு வைச்சவர். அசையாமல் இருக்கட்டும் எண்டு. நான் அந்த இடத்தாலை எடுக்கிறேல்லை. பகிதான் இந்தமுறை கரண்டியாலை கிண்டி எடுத்தவர்."

"துடைக்கிறனீங்களோ?"

"துடைக்காமல்? வெள்ளிக்கிழமையிலை குத்துவிளக்கு, செம்பு, தட்டம் எல்லாம் மினுக்கேக்கை இதையும் மினுக்குவன். பழப்புளி பூசி ஊறவிட்டு, பிறகு திருநீறு போட்டு விரலாலை தேய்ச்சு. மாமாவின்ரை காசு கறுத்துப்போய்க் கிடந்தால் நல்லாவே இருக்கும்?"

"ஒவ்வொரு வெள்ளியுமோ?"

"இருபது வருசத்துக்கு மேலை ஒரு வெள்ளியும் விட்டதில்லை. மூத்தவள் பிறந்து நான் ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை மட்டும் இவர் மினுக்கினவர்."

நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி. எனக்குச் சாம்பல் வருடத்தில் ஒரு நாள் நெற்றியில். ஆனால் எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுப் பெண் விளக்கு மினுக்குவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன். தேய்ந்த பக்கத்து எழுத்தொன்றின் அடியில் வெள்ளையாகக் கட்டியிருந்தது திருநீறு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. புளி, திருநீறு, சந்தனம் என்று ஒவ்வொன்றாக மக்கேக்கு விளக்கினேன். புளியை விளக்கத்தான் கஷ்டப்பட்டேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, எழுந்து, கதிரையைத் தூக்கினார்.

ஐயோ என்று வந்தது எனக்கு.

மேசையைச் சுற்றி வந்து சிவமலருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நான் மொழிபெயர்க்க, மெல்லச் சொன்னார். "இது உண்மையான காசு. இதை யாரும் மாற்றவில்லை. உங்கள் மாமனார் வைத்த அதே காசுதான். ஆனால் சேகரிப்பவர்கள் இனி இதைத் தேடி வரமாட்டார்கள். தேய்த்த வெள்ளி தேய்ந்துபோய்விட்டது, அதைத் திருப்பி வைக்க யாராலும் முடியாது. எனக்கு உண்மையாகவே மன வருத்தம்."

சிவமலருக்குப் பாதிதான் காதில் ஏறியது. "உண்மையான காசு எண்டு சொல்லுறாரோ? அப்ப நான் கள்ளி இல்லை எண்டு சொல்லுறாரோ?" என்று கேட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மத் தொடங்கிவிட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பகீரதன் விடுகிற மாதிரி இல்லை. "ஓகே, மாத்தேல்லை. ஆனால் அழிச்சுப்போட்டினம்தானே? அன்ரி, நானூறு வருசம் இருந்த முகத்தை..."

"தம்பி, கொஞ்சம் வாயைப் பொத்திக்கொண்டு இரும்" என்றேன். வாடிக்கையாளரிடம் அப்படிக் கதைக்கக் கூடாது. எனக்கு ஆத்திரம் வந்தால் தமிழ்தான் வரும். "உம்மடை அப்பாவின்ரை படத்துக்கு நீர் எத்தினை வெள்ளிக்கிழமை விளக்குக் கொளுத்தினீர்?"

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. மக்கே, நான் என்ன சொன்னேன் என்று கேட்கவில்லை. அலுமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, அந்த அரைத் தாலரின் இரண்டு பக்கப் படத்தையும் விரித்து, பகீரதனுக்கு முன்னால் வைத்தார். தேயாத எட்டுப் பேரும் அதில் இருந்தார்கள். அவன் குனிந்து, சின்னப் பிள்ளை மாதிரி விரலால் எண்ணினான். அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன். எட்டில் நின்றது.

"அப்பா இதைக் காட்டித்தான் சொல்லுவார்" என்றான், குரல் இறங்கி. "எட்டுப் பேர் ஒரு காசுக்குள்ளை இருக்கிறாங்கள், உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு அறை காணாதோ எண்டு. எனக்கும் அண்ணைக்கும் கட்டிலுக்குச் சண்டை." பிறகு காசைக் காட்டி, "அன்ரி, இதிலை எந்தப் பக்கம் ஆர்?" என்று கேட்டான்.

நான் புத்தகத்தைப் பார்த்து, காசைப் பார்த்துச் சொன்னேன். "மேலை இருந்து தேய்ஞ்சது மூத்தவை நாலு பேர். கீழை சந்தனத்துக்குள்ளை இருந்தது இளையவை."

அவ்வளவுதான் நான் சொன்னது. வேறு எதுவும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அவன் காசையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தமையனைப் பார்த்தான். யோகநாதன் தன் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்தபடி, கண்ணாடிப் பெட்டியில் இருந்த ஏதோ ஒரு காசைப் பார்ப்பது போல் இருந்தார்.

"உன்னைப் படிப்பிச்ச கை உது, பகி" என்றாள் சிவமலர், அழுகைக்கு நடுவில். "ரெண்டு ஷிப்ட் அடிச்ச கை. உனக்கு யூனிவேர்சிற்றி முடியுமட்டும் நாங்கள் ஒரு கார் வாங்கேல்லை. அந்த வீட்டிலை நான் களவெடுப்பனே?"

"விடும் மலர்" என்றார் யோகநாதன். "அவனுக்குத் தெரியாதே?"

பகீரதன் தட்டிலிருந்து காசை எடுத்தான். விளிம்பில் பிடிக்கவில்லை, உள்ளங்கைக்குள் முழுதாக வைத்து மூடிக்கொண்டான். எழுந்துபோய், அண்ணியின் கையைப் பிடித்து விரித்து, நேராக அதற்குள் வைத்தான். கைக்குக் கை. நான் பதறிப்போய் மக்கேயைப் பார்த்தேன். அந்தக் கடையில் என் கண்ணுக்கு முன்னால் அந்தச் சட்டத்தை ஒருவரும் மீறியதில்லை. மக்கே, பச்சைத் துணியில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி," என்றான் பகீரதன், "கொண்டுபோய் அப்பாவின்ரை தட்டத்திலை வையுங்கோ. ஆனால் இந்தமுறை திருப்பி வையுங்கோ. இனி இந்த நாலு பேரும் கொஞ்சம் தேயட்டும்." பிறகு தமையனின் பக்கம் திரும்பாமலே, "வாற வெள்ளிக்கிழமை நான் வந்து மினுக்கிறன்" என்றான்.

யோகநாதன் எழுந்து வந்து தம்பியின் பிடரியில் கையை வைத்து, ஒருதரம் ஆட்டிவிட்டார். சிவமலர் காசைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். கொண்டுபோகக் கொடுத்த பஞ்சு வைத்த பெட்டி தட்டிலேயே கிடந்தது.

அவர்கள் கதவைத் திறக்கும்போது மக்கே என் பக்கம் சாய்ந்து, "கடைசியாக அந்தப் பொடியன் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லப் பயமாக இருந்தது. காசைக் கழுவாதே, துடைக்காதே, தேய்க்காதே என்று வாழ்நாள் முழுவதும் சனத்திடம் மன்றாடிய மனுசன் அவர். கடை வாசலில் அவரே தன் கையால் எழுதி ஒட்டிய அறிவித்தலும் அதுதான். அரைத் தாலரின் நல்ல பக்கம், உலகத்தில் மிஞ்சியிருக்கிற சிலவற்றில் ஒன்று, அந்தச் சேலைத் தலைப்புக்குள் டோர்செட் பார்க்குக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

மக்கே கண்ணாடிக் கதவு வழியாக, ஸ்ட்ரீட்கார் தரிப்பிடத்தில் நின்ற மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார். வெயிஸ்ட்கோட்டுப் பையிலிருந்து மோதிரத்தை எடுத்து விரலில் போட்டுக்கொண்டார்.

"ஓடிப்போய்ச் சொல்லு" என்றார். "புளியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லு."